பல் டாக்டர் நாற்காலியில் படுத்த பேஸ் கிட்டார்

1. வண்டு

“என்ன தெரசா, கிட்டாருக்குள்ள வண்டு எதும் புகுந்துருச்சா?”

எங்கள் மெல்லிசைக் குழுவின் தலைவர் சகாயம் அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு இப்படிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம், பேகம்பூரில் டிரம்மர் காசிம் வீட்டு மாடியில் ஒத்திகை. தோளில் பேஸ் கிட்டார் தொங்க நான் தலையைக் குனிந்து நின்றேன். எந்த ஸ்ட்ரிங்கைத் தட்டினாலும் சுரத்தோடு சேர்ந்து ‘ர்ர்ர்ஸ்’ என்று ஓர் இரைச்சல். தகர டப்பாவில் அடைபட்ட வண்டு மாதிரியேதான் இருந்தது.

“ஒரு வண்டு இல்லண்ணே, குடும்பத்தோட வந்துருக்கு” என்றான் காசிம்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சகாயம் அண்ணன் சிரிக்கவில்லை.

“இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு. தாடிக்கொம்பு ரோட்டு மண்டபத்துல ரிசப்ஷன். இந்தச் சத்தத்தோட மேடை ஏற முடியாது. வர்ற ஞாயித்துக்கெழம மறுபடி கேப்பேன். சரியாகலைன்னா பேஸை நானே கீபோர்டுல இடது கையால வாசிச்சுக்கிறேன். நீ கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவிச்சுக்க மாட்டேண்ணே” என்றேன். அது சுத்தப் பொய். பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டேதான் நடந்தேன்.

இப்போது எனக்கு ஐம்பத்து நாலு வயது. எட்டு வருஷமாக பேஸ் கிட்டார்தான் என் தொழில். புதிதாக வாசிக்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: “அக்கா, ஸ்ட்ரிங் பஸ் ஆகுது, என்ன செய்யணும்?” ஸ்ட்ரிங் போய், கழுத்தில் குறுக்கே உள்ள ஃப்ரெட் கம்பி மேல் இடித்து இரைவதைத்தான் பஸ் என்கிறோம். ஒத்திகை நடந்த அன்று வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் “ஸ்ட்ரிங் பஸ்ஸுங்க, என் பொழப்பே போச்சு” என்றேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, “அது எந்த ரூட்டு?” என்று கேட்டார்.

ஆளாளுக்குப் போனில் பதில் சொல்வதைவிட என் கதையை எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது.

2. பேஷ் பேஷ்

பேஸ் வாசிக்க வருவதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் நான் திண்டுக்கல்லில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். டாக்டர் கலைவாணி என் வயதுக்காரர். கருவியைக் கேட்கும் முன்பே எடுத்து நீட்டிவிடுவேன் என்பதால் என்மேல் அவருக்குப் பெரிய நம்பிக்கை. மாதா கோயிலில் பாடல் குழுவுக்குக் கிட்டாரில் நாலு கார்டு வாசிப்பேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

ஒருநாள் சகாயம் அண்ணன் ரூட் கெனால் செய்துகொள்ள வந்தார். வேலை முடிந்து எழுந்தவருக்கு ஊசி மரப்பு இன்னும் போகவில்லை. பாதி உதடு தொங்க, என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, “பேஷ்… பேஷ்…” என்றார்.

டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “பார்த்தீங்களா தெரசா, இவ்வளவு வருஷத்துல இவர் ஒருத்தர்தான் வாய்விட்டுப் பாராட்டியிருக்கார்.”

அண்ணன் தலையைத் தலையை ஆட்டி மறுத்தார். கடைசியில் மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் காட்டினார். குழுவில் பேஸ் வாசித்தவர் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். என்னைக் கோயிலில் பார்த்தவர், அங்கே வாசிக்கிறவர்களில் யாராவது வருவார்களா என்றுதான் கேட்டிருக்கிறார்.

“நான் வாரேண்ணே” என்றேன். வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆறு ஸ்ட்ரிங்கில் வாசிக்கிறவளுக்கு நாலு ஸ்ட்ரிங் என்ன பெரிய விஷயம் என்று நினைத்திருப்பேன். அண்ணன் மறுபடியும் “பேஷ்” என்றார். இந்த முறை பாராட்டுத்தான்.

நாலு ஸ்ட்ரிங் பெரிய விஷயம் என்பது வீட்டுக்குப் போய் உறையைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றும் துணி காயப்போடுகிற கயிறு மாதிரி தடிமன். அண்ணன் கொடுத்தனுப்பிய குழுவின் கிட்டார் அது, நல்ல கருவி. எனக்குத்தான் ஒரு வாரத்தில் இடது கை விரல் நுனியெல்லாம் கொப்புளம். கிளினிக்கில் கிளவுஸ் மாட்டும்போது உயிர் போனது.

அப்போது ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். மதுரையில் கடைக்குப் போய், இருப்பதிலேயே மெல்லிசான ஸ்ட்ரிங் செட் ஒன்று வாங்கி நானே மாட்டினேன். விரலுக்கு வெண்ணெய் மாதிரி இருந்தது. ரெண்டு நாள் சந்தோஷமாக வாசித்தேன். மூன்றாம் நாள் காசிம் வீட்டு மாடியில் வண்டு வந்தது.

3. திருகு

கருவி தெரியாத வாசகருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பேஸ் கிட்டாரின் நீளமான கழுத்தை நெக் என்போம். அதன் மேல் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட். ஸ்ட்ரிங்கை அவற்றின் மேல் அழுத்தித்தான் சுரம் எடுக்கிறோம். நெக்கின் உள்ளே நீளவாக்கில் ஓர் இரும்புக் கம்பி உண்டு. அதற்கு டிரஸ் ராடு என்று பெயர். அலன் கீ என்ற ஆறுமுனைச் சாவி போட்டு அதை முடுக்கினால் நெக் நிமிரும், தளர்த்தினால் லேசாக வளையும்.

இதெல்லாம் இன்று தெரிகிறது. அன்று ஒன்றும் தெரியாது. போனில் வீடியோ பார்த்தேன். முதல் ஆள், ஸ்ட்ரிங்கை உயர்த்து என்றார். அடிப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் குட்டித் திருகுகளைச் சுற்றிச் சுற்றி உயர்த்தினேன். ஸ்ட்ரிங்குக்குக் கீழே பென்சில் நுழைகிற அளவு இடைவெளி வந்தது. இரைச்சல் குறைந்தது. ஆனால் அழுத்துவதற்கு என் இரண்டு கையும் வேண்டியிருந்தது. அழுத்தினாலும் சுரம் மேலே ஏறிப்போய் ஒலித்தது. மறுபடி இறக்கினேன். வண்டு திரும்பி வந்துவிட்டது.

இரண்டாம் ஆள், டிரஸ் ராடைத் திருப்பு என்றார். எந்தப் பக்கம் என்று அவர் சொல்வதற்குள் என் கை திருப்பிவிட்டது. நட்டு என்றால் முடுக்குவது என்பதுதானே நம் பழக்கம்? அரைச் சுற்று முடுக்கினேன். உறைப்பையிலிருந்து எடுத்த அலன் கீ ‘க்ரீச்’ என்றது. வாசித்துப் பார்த்தால், முன்பு சுரத்தோடு இரைச்சல் வந்தது போய், இப்போது இரைச்சலோடு கொஞ்சம் சுரம் வந்தது.

வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு இடையில் இரண்டே நாள். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். மதிய இடைவேளையில் பின் அறையில் உட்கார்ந்து ஏதாவது செய்யலாம் என்று எண்ணம்.

4. நாற்காலி

பின் அறையில் நான் தட்டிக்கொண்டிருந்ததை டாக்டர் கேட்டுவிட்டார். தயிர்ச்சாத டப்பாவோடு வாசலில் வந்து நின்றார். பாட்டு, இசை எதுவும் அவருக்கு ஆகாது. காரில்கூடச் செய்திதான் கேட்பார்.

“அது என்ன சத்தம்?”

“அதாங்க மேடம் பிரச்சினையே.”

“எப்ப வருது? தொட்டா வருதா, சும்மா இருந்தாலும் வருதா?”

“எப்பவுமே வருதுங்க மேடம்.”

“எப்பவுமேன்னு ஒரு வலியே கிடையாது. எங்க, எப்ப, எவ்வளவு. இருபத்திரண்டு வருஷமா இதைத்தானே பேஷண்ட்ட கேக்கச் சொல்றேன்? தூக்கிட்டு வாங்க.”

பேஸ் கிட்டாரைப் பல் நாற்காலியில் படுக்க வைத்தோம். சரியாகப் பொருந்தியது. தலை வைக்கும் இடத்தில் கிட்டாரின் தலை வந்தது. டாக்டர் நாற்காலியைச் சாய்த்து, மேலே விளக்கைப் போட்டு, பழக்க தோஷத்தில் மாஸ்க்கும் கிளவுஸும் மாட்டிக்கொண்டார்.

என்னை ஒரு கேஸ் ஷீட் எடுத்து எழுதச் சொன்னார். பல்லுக்கு நம்பர் போடுகிற மாதிரி ஈ, ஏ, டி, ஜி என்ற நாலு ஸ்ட்ரிங்குக்கும் நாலு வரி, ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் ஒரு கட்டம். ஒவ்வொன்றாக வாசித்து, இரைந்தால் புள்ளி, இரையாவிட்டால் கோடு. அரைமணி நேரம் ஆனது. முடித்ததும் கட்டங்களை வரிவரியாகப் பார்த்தேன். எப்பவுமே, எல்லா இடத்திலும் என்று நான்கு நாளாகப் புலம்பிய இரைச்சல், கிட்டாரின் தலையை ஒட்டிய கீழ் ஃப்ரெட்களில், ஒன்றிலிருந்து ஆறு வரைதான் இருந்தது. பன்னிரண்டுக்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை. நடுவில் டி ஸ்ட்ரிங்கில் ஒன்பதாம் ஃப்ரெட்டில் மட்டும் ஒற்றைப் புள்ளி.

“கீழ்ப்பக்கம் மட்டும்னா அந்தக் கழுத்து எப்படி இருக்கு? நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா?” என்றார் டாக்டர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெல்லிய ஸ்ட்ரிங் நெக்கை இழுக்கும் வலு குறைவு. அதனால் நெக் பின்னால் நிமிர்ந்துவிட்டது. போதாததற்கு நான் வேறு முடுக்கி இன்னும் நிமிர்த்திவிட்டேன். ஸ்ட்ரிங் அதிர்வதற்கு நடுவில் பள்ளம் இல்லை.

வீடியோவில் காட்டியபடி முதல் ஃப்ரெட்டையும் கடைசிப் பக்கத்தில் ஒன்றையும் அழுத்திப் பிடித்து, நடுவே ஏழாம் ஃப்ரெட்டில் பார்த்தோம். தாள் நுழையவில்லை. முடுக்கியதை முதலில் தளர்த்தினேன். அப்புறம் கால் சுற்று, சுருதி சேர்ப்பு, செத்த நேரம் காத்திருப்பு. மறுபடி கால் சுற்று. மூன்றாம் முறை டாக்டர் தன் விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தார். உரசிக்கொண்டு நுழைந்தது. வாசித்தேன். கீழ் ஃப்ரெட் எல்லாம் கண்ணாடி மாதிரி ஒலித்தன. நான் டாக்டரைக் கட்டிப்பிடித்தேன். அவர், “கிளவுஸ், கிளவுஸ்” என்று விலகினார்.

இந்த நேரத்தில்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வெள்ளைச்சாமி வந்தார். தாடிக்கொம்புப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். கடைவாய்ப் பல்லுக்காக மூன்றரை மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி நாற்காலியைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். மாஸ்க் போட்ட டாக்டரைப் பார்த்தார்.

“ஏந்தாயி, இதுக்கு எம்புட்டு நேரமாகும்? எனக்கு முந்தியே டோக்கன் போட்டுட்டாகளா?”

“செத்த உக்காருங்கய்யா. ஒரே ஒரு பல்லுதான் பாக்கி” என்றேன். அவர் உண்மையாகவே உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஒற்றைப் புள்ளிதான் பாக்கி. ஒன்பதில் அழுத்தினால் இரைகிறது என்றால், அடுத்திருக்கும் பத்தாம் ஃப்ரெட் மயிரிழை உயரமாக இருக்கிறது. பல் அடைத்த பிறகு உயரம் பார்க்க, கடிக்கச் சொல்வோமே ஒரு நீலத் தாள், டாக்டர் அதைக் கிழித்துப் பத்தாம் ஃப்ரெட் மேல் வைத்தார். நான் ஒன்பதில் அழுத்தித் தட்டினேன். தாளை எடுத்தால் ஃப்ரெட்டின் உச்சியில் நீலமாக ஒரு பொட்டு.

“இருக்கு!” என்று கத்தினோம், இருவரும் ஒரே நேரத்தில்.

இரண்டு பக்கமும் மரத்தில் பிளாஸ்திரி ஒட்டினோம். டாக்டர் பாலிஷ் போடுகிற கருவியை எடுத்து, குறைந்த வேகத்தில் அந்தப் பொட்டை மட்டும் தொட்டார். நிறுத்தினார். புதுத் தாள் வைத்தார். பிறகு கிட்டாரைப் பார்த்து, முழு மரியாதையோடு, “இப்ப கடிச்சுப் பாருங்க” என்றார்.

வெள்ளைச்சாமிதான் முதலில் சிரித்தார். வீங்கிய கன்னத்தோடு சிரிக்க முடியாமல், “ஆத்தாடி வலிக்குதே, வலிக்குதே” என்று சிரித்தார். டாக்டர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. டாக்டர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

மூன்று முறை தொட்டபின் நீலப் பொட்டு மறைந்தது. இரைச்சலும் போனது. ஆனால் நான் வேகமாக ஒரு பாட்டு வாசித்தபோது அங்கங்கே இன்னும் லேசாக இரைந்தது.

“கருவியில கோளாறு இல்ல. இனி பேஷண்ட் கூட வந்தவங்ககிட்டதான் இருக்கணும்” என்று டாக்டர் என்னைப் பார்த்தார்.

வெள்ளைச்சாமி கன்னத்திலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: “நானும் அப்பப் புடிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன் தாயி. வெரலு அந்தக் குறுக்குக் கம்பிய ஒட்டி இருக்கயில நல்லாக் கேக்குது. ரெண்டு கம்பிக்கு நடுவுல நின்னா இரையுது.”

செய்து பார்த்தேன். விரலை ஃப்ரெட்டுக்குப் பின்னால் ஒட்டி வைத்தால், பாதி பலம்கூட வேண்டாம், சுரம் சுத்தமாக வருகிறது. இத்தனை நாள் நடுவில் வைத்து அமுக்கோ அமுக்கு என்று அமுக்கியிருக்கிறேன். கொப்புளத்துக்கும் காரணம் அதுதான். தடித்த ஸ்ட்ரிங்கே எனக்குப் போதுமாய் இருந்திருக்கும்.

வெள்ளைச்சாமிக்குப் பல் எடுக்கும்போது நான் ஒரு கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் வேறு எந்தப் பேஷண்டுக்கும் அப்படிச் செய்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் மூன்று பாட்டு வாசித்தேன். சகாயம் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். “வண்டு எங்க போச்சு?” என்றார். “பல் புடுங்கியாச்சுண்ணே” என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனால் மேடைக்கு வரச் சொல்லிவிட்டார்.

5. குடம்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன். மண்டபம் நிறையக் கூட்டம். நான் நீலப் பட்டுச் சேலை கட்டி, மேடை ஓரத்தில், என் கிட்டார் சத்தம் வரும் ஆம்ப் பெட்டியின் பக்கத்தில் நின்றேன். முதல் பாட்டு சுத்தமாகப் போனது. இரண்டாவது பாட்டில் ‘ர்ர்ர்ஸ்.’

சகாயம் அண்ணன் கீபோர்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். அவருடைய இடது கை தானாகவே கீழ்ப்பக்கக் கட்டைகளுக்கு நகர்வதையும் பார்த்தேன்.

ஓடிப்போக முடியாது. பாட்டு நடக்கிறது. வாசித்துக்கொண்டே மனதுக்குள் கேஸ் ஷீட்டை விரித்தேன். எங்கே? ஈ ஸ்ட்ரிங் மூன்றாம் ஃப்ரெட்டில். அந்த சுரம் ஜி. வேறு எங்கே? டி ஸ்ட்ரிங் ஐந்தாம் ஃப்ரெட்டில். அதுவும் ஜி. விரலே படாமல் ஜி ஸ்ட்ரிங்கைத் திறந்து தட்டினேன். அங்கும் இரைச்சல்! மற்ற எந்த சுரத்திலும் இல்லை. மூன்று வேறு ஸ்ட்ரிங், மூன்று வேறு இடம், ஒரே சுரம். அப்படியென்றால் கோளாறு கிட்டாரில் இல்லை. உள்ளங்கையால் ஸ்ட்ரிங்கை அடக்கிப் பார்த்தேன். சுரம் நின்றது. இரைச்சல் கண் இமைக்கிற நேரம் தாமதித்து நின்றது.

சத்தம் வந்த பக்கம் பார்த்தேன். என் ஆம்புக்கு எதிரே சீர்வரிசை. எவர்சில்வர் தட்டுகளுக்கு நடுவே பெரிய பித்தளைக் குடம். மேலே மூடி. நான் ஜி வாசிக்கும்போதெல்லாம் அந்த மூடி நடுங்கி ஆடிக்கொண்டிருந்தது.

அதற்கு மிக அருகில் நின்றவர் மாப்பிள்ளை. கழுத்தில் மாலை, முகத்தில் வியர்வை. எனக்கு வேறு வழியில்லை. வாசிப்பை விடாமல் அவர் பக்கம் சாய்ந்து கத்தினேன்: “தம்பி! அந்தக் குடத்து மூடி மேல செத்த கைய வைங்க!”

அன்று காலையிலிருந்து யார் யாரோ சொன்ன எதை எதையோ செய்துகொண்டிருந்த மனுஷன் அவர். ஏன் என்று கேட்கவே இல்லை. பயபக்தியோடு வலது கையை மூடி மேல் வைத்தார்.

இரைச்சல் நின்றது. அடுத்த ஜி கோயில் மணி மாதிரி விழுந்தது. சகாயம் அண்ணன் இடது கை திரும்பிப் போனது.

நான் பெருமூச்சு விடுவதற்குள் மணப்பெண் ஓரக்கண்ணால் மாப்பிள்ளையைப் பார்த்து, தன் கையை அவர் கை மேல் வைத்தாள். போட்டோகிராபர் ஓடி வந்தார். “சார், அப்படியே இருங்க! மேடம், செத்த சிரிங்க!” மாப்பிள்ளையின் அத்தை மேடையேறினார். இருவர் கையையும் பார்த்தார். பரிசைக் கொடுத்துவிட்டு, தானும் குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவ்வளவுதான். பின்னால் வந்த ஒருவர் விடாமல் குடத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

“இது எந்த ஊருச் சடங்குடி?” என்று ஒரு பெண் கேட்பது என் காதில் விழுந்தது.

“பொண்ணு வீட்டுப் பக்கம் போல” என்றாள் இன்னொருத்தி.

காசிமுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் ஒரு குச்சி கூட்டத்துக்குள் பறந்து போனது. மீதியை ஒரே குச்சியில் வாசித்தான். சகாயம் அண்ணன் கீபோர்டு மேல் கவிழ்ந்து தோள் குலுங்கினார். பாடகி எங்களை முறைத்துக்கொண்டே பாடி முடித்தார். நான் மட்டும் சிரிக்காமல் வாசித்தேன். என் வாழ்க்கையில் நான் பட்ட பெரிய கஷ்டம் அதுதான்.

கருவிகளை உறையில் போடும்போது சகாயம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். “அடுத்த வாரம் ஒட்டன்சத்திரத்துல ஒரு கல்யாணம். வெள்ளனமே வந்துரு” என்றார். என்னை வேலைக்குச் சேர்த்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

6. கற்றுக்கொண்டது

ஒட்டன்சத்திரத்தில் நாங்கள் மேடையில் ஏறியதுமே ஓர் அம்மாள் வந்தார். “ஏனுங்க, குடத்து மேல கை வெக்கற சாங்கியம் நடத்தறது நீங்கதானுங்களா? எங்க சொந்தக்காரங்க தாடிக்கொம்பு ரோட்டுல பாத்தாங்களாம். எங்க பொண்ணு மாப்பிள்ளைக்கும் வெச்சிருங்க” என்றார். அன்று எந்த மூடியும் இரையவில்லை. இருந்தாலும் வைக்கச் சொன்னோம். நன்றாகவே இருந்தது.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இரைச்சல் கேட்டதும் அலன் கீயைத் தேடாதீர்கள். தாளையும் பேனாவையும் எடுங்கள். எந்த ஸ்ட்ரிங், எந்த ஃப்ரெட் என்று குறித்து முடிக்கும் வரை ஒரு திருகையும் தொடாதீர்கள். முதலில் உங்கள் விரல் ஃப்ரெட்டை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கீழ் ஃப்ரெட்களில் மொத்தமாக இரைந்தால் நெக்கைப் பாருங்கள், திருப்பினால் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒரே இடத்தில் இரைந்தால் அடுத்த ஃப்ரெட்டைப் பாருங்கள், அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். ஒரே சுரத்துக்கு மட்டும் இரைந்தால் கிட்டாரை விட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடி, சுவர்க் கடிகாரம், பாத்திர மூடி, ஏதோ ஒன்று உங்களோடு சேர்ந்து பாடிக்கொண்டிருக்கும்.

பக்கத்தில் நிற்பவரிடம் அதன் மேல் கை வைக்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். நம் ஆட்கள் ஏன் என்றுகூடக் கேட்க மாட்டார்கள்.